பாடம் நடத்தாத வகுப்பில் எப்படித் தேறுவது?

அம்மிணி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலில் சுருக்கிவிடுகிறேன். கோவையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, அங்கேயே வார்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் படிக்க வந்திருக்கிறீர்கள். இங்கே வகுப்பில் யாரும் பாடம் நடத்துவதில்லை. எட்டுப் பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து, ஒரு நோயாளியைப் பற்றி அரைப் பக்கம் கொடுத்து, பேசச் சொல்கிறார்கள். டியூட்டர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்களுக்குக் கிடைத்த முதல் மதிப்பீட்டில் ‘பங்கேற்பு போதவில்லை’ என்று இருக்கிறது. “ஏனுங்க்கா, இவ்வளவு பணம் கட்டி வந்தது நாங்களே படிச்சுக்கறதுக்குங்களா? வேற காலேஜ் மாத்திக்கட்டுங்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம். உங்களிடம் குறைவது அறிவு இல்லை. வார்டில் பார்த்துப் பழகிய விஷயத்தை நான்கு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம்தான் குறைகிறது. அதை இங்கேயே பிடித்துவிடலாம்.

இந்த முறைக்குப் பெயர் பிராப்ளம் பேஸ்டு லேர்னிங், அதாவது ஒரு பிரச்சினையை முன்னால் வைத்துப் பேசிப் படிப்பது, சுருக்கமாக பி.பி.எல். நீங்கள் வந்து இறங்கியிருக்கும் ஒன்டாரியோதான் அதன் பிறப்பிடம். ஹாமில்டனில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 1969-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது இப்படித்தான் தொடங்கினார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் 1974-இல் இதே வழியில் வந்தது. ஏழு படியாகப் பேசிப் படிக்கும் ஒழுங்கு அங்கே உருவானது. பிறகு நர்சிங் படிப்புக்கும் பரவியது. ஆகவே உங்கள் கல்லூரி சோம்பலுக்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு அல்ல இது.

அந்த அரைப் பக்கத்தை எப்படிக் கையாள்வது என்று நம் ஊர்க் கதை ஒன்றை வைத்துச் சொல்கிறேன். சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர், வயது 55. வலது உள்ளங்காலில் மூன்று வாரமாக ஆறாத புண். வலியே இல்லை என்கிறார். இரண்டு நாளாகக் காய்ச்சல். சர்க்கரை மாத்திரையை இடையில் விட்டுவிட்டார். அவ்வளவுதான் தாளில் இருக்கிறது.

முதலில் புரியாத சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வீர்கள். அப்புறம் இங்கே என்னதான் பிரச்சினை என்று குழுவாக முடிவு செய்வீர்கள். பிறகு ஆளாளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று அப்போது யாரும் பார்ப்பதில்லை. வலி இல்லை என்றால் வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். நர்சுக்கு அதுதான் பயம். நரம்பில் உணர்ச்சி போயிருக்கலாம், அதனால் காலில் குத்தியதே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ரத்த ஓட்டம் போகிறதா? பாதத்தில் நாடி கிடைக்கிறதா? காய்ச்சல் வந்துவிட்டதே, தொற்று எலும்புவரை போய்விட்டதா, ரத்தத்தில் கலந்துவிட்டதா? இப்படிப் பேசும்போது எங்கே கை விரிக்கிறீர்களோ, அதெல்லாம் படிக்க வேண்டிய தலைப்பு. 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையான மோனோஃபிலமெண்டை வைத்து உணர்ச்சியைச் சோதிப்பது எப்படி, எச்.பி.ஏ.1.சி. என்ற ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையை எப்படிக் காட்டுகிறது, தொற்றால் உடல் முழுக்கப் பாதிக்கப்படும் செப்சிஸின் முதல் அறிகுறிகள் என்ன. இவற்றைத் தனித்தனியாகப் படித்துவிட்டு அடுத்த கூட்டத்தில் திரும்பவும் அதே நோயாளியிடம் வருவீர்கள்.

ஆளுக்கொரு தலைப்பைப் பங்கு போட்டுக்கொள்ள உங்கள் குழுவில் யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பங்கு மட்டும் நன்றாகத் தெரியும், மற்றவை அடுத்தவர் வாயால் கேட்டதோடு நின்றுவிடும். எல்லாரும் எல்லாவற்றையும் படித்து வந்தால்தான் பேச்சில் சூடு பிடிக்கும்.

இப்போது உங்கள் பலத்துக்கு வருகிறேன். தறிக்காரர் ஷிஃப்ட் முழுக்க நின்றும் நடந்தும் வேலை செய்கிறவர், காலில் தேய்ந்த செருப்பு இருந்தால் அதிகம். ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை. ‘காலுக்கு ஓய்வு கொடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் அவர் தலையாட்டிவிட்டுப் போய் அன்று ராத்திரியே தறியில் நிற்பார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இருந்தும் இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர் மாத்திரையை எப்போது போடுவது என்பது தனிக் கேள்வி. இதையெல்லாம் மேசையில் இருக்கும் மற்ற ஏழு பேர் யோசித்திருக்க மாட்டார்கள். இங்கே வரும் தாளில் தறிக்குப் பதில் சரக்குக் கிடங்கு இருக்கும், சோமனூருக்குப் பதில் ஒன்டாரியோவின் பிராம்ப்டன் நகரம் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி மாறாது: இந்த மனுஷன் நாம் சொல்வதைச் செய்ய முடியுமா?

நம் ஊர் வார்டில் நர்ஸ்தான் முதலில் பார்க்கிறார். நோயாளியின் முகம் மாறுவது, மூச்சு மாறுவது எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் ரவுண்ட்ஸில் பெரியவர்கள் பேசும்போது கேட்டால் மட்டும் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். அது மரியாதை என்று வளர்ந்தோம், அதில் எனக்கு இன்றும் குறையில்லை. இங்கே மட்டும் அதே அமைதியை, இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றோ, படித்து வரவில்லை என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். டியூட்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், சக மாணவர் சொன்னதை மறுப்பதும் இங்கே அவமரியாதை ஆகாது. முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு வரியாவது பேசிவிடுங்கள். நேரம் ஆக ஆக வாய் திறப்பது கஷ்டம். ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியமாக இருந்தால் போதும். பலகையில் எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்லது. எழுதுகிறவர் நிறுத்திக் கேள்வி கேட்டாக வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் பழைய பழக்கத்தை அடியோடு விட வேண்டும். ‘எங்கள் வார்டில் அப்படித்தான் செய்வோம்’ என்றால் இங்கே பதில் முடியாது. ஏன், எந்த ஆய்வு, எந்த வழிகாட்டி என்று கேட்பார்கள். நூலகரிடம் போய் நர்சிங் ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து வைத்திருக்கும் சினால் தரவுத்தளத்தில் தேடக் கற்றுக்கொள்ளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள், அதற்குத்தான் அவர் இருக்கிறார். நம் தேர்வுகளில் புத்தக வரியை அப்படியே எழுதினால் மார்க் விழும். இங்கே மூலத்தைச் சொல்லாமல் அப்படியே எழுதினால் திருட்டு, படிப்பே போய்விடக்கூடிய குற்றம். புரிந்ததைச் சொந்த வாக்கியத்தில் எழுதி, எங்கே எடுத்தீர்கள் என்று குறிப்பிடுங்கள்.

இந்த முறை குறையே இல்லாதது என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவ மாணவர்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் திரட்டி 1993-இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, நோயாளியைக் கையாள்வதில் இந்த வழியில் படித்தவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தார்கள் என்றும், அடிப்படைப் பாடத் தேர்வுகளில் சில சமயம் பின்தங்கினார்கள் என்றும் சொன்னது. ஆகவே உடற்கூறு, உடலியங்கியல், மருந்தியல் மூன்றையும் நம் ஊர் வழியில் உட்கார்ந்து வரிசையாகப் படிப்பதை நிறுத்தாதீர்கள். கோவையில் போட்ட அந்த அஸ்திவாரம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

அடுத்து நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ். ஒன்டாரியோவில் 2015 முதல் பதிவு நர்ஸ் ஆக அந்தத் தேர்வுதான். 2023 ஏப்ரலில் அதன் வடிவம் மாறியது. இப்போது ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து ஆறு கேள்விகள் தொடர்ந்து வரும்: எந்த அறிகுறி முக்கியம், அதற்கு என்ன பொருள், எதை முதலில் சந்தேகிப்பது, என்ன செய்யலாம், எதைச் செய்வது, செய்தது பலித்ததா. உங்கள் மேசையில் வாரா வாரம் நடப்பதும் இதுதான், அம்மிணி. இதற்காகத் தனிக் கோச்சிங்குக்குப் பணம் கட்டுமுன் உங்கள் குழுவில் ஒழுங்காகப் பேசிப் பாருங்கள்.

இந்த வாரமே டியூட்டரிடம் தனியாகப் பத்து நிமிடம் கேளுங்கள். ‘பங்கேற்பு’ என்று அவர் எதைப் பார்க்கிறார், அடுத்த மதிப்பீட்டுக்குள் உங்களிடம் என்ன மாற்றம் தெரிய வேண்டும் என்று நேராகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தாள் கைக்கு வந்ததும், நீங்கள் முதலில் என்ன நினைத்தீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.