ஏடிசியின் ஒப்பீட்டு மின்னழுத்தம்: கேள்வி பதில்

கேள்வி: அர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் எல்எம்35 வெப்ப உணரியை இணைத்திருக்கிறேன். யூஎஸ்பியில் இயக்கினால் ஒரு வெப்பநிலையும், வெளி அடாப்டரில் இயக்கினால் வேறொன்றும் காட்டுகிறது. உணரி பழுதா?

பதில்: உணரியில் பழுதில்லை. உள்ளே வரும் மின்னழுத்தம் ஒப்பீட்டு மின்னழுத்தத்தில் எத்தனை பங்கு என்பதை மட்டுமே ஏடிசி, அதாவது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி, 1024 படிகளில் சொல்கிறது. நீங்கள் எதையும் குறிப்பிடாவிட்டால், ஊனோவில் 5 வோல்ட் மின்வழங்கலே அந்த ஒப்பீடு. 30 டிகிரியில் எல்எம்35 தரும் 300 மில்லிவோல்ட், வழங்கல் சரியாக 5 வோல்ட் என்றால் 61 என்று வரும்; யூஎஸ்பி வடத்தின் இழப்பால் வழங்கல் 4.7 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே 300 மில்லிவோல்ட் 65 ஆகிவிடும், நிரலோ இன்னும் 5 வோல்ட் என்றே எண்ணிப் பெருக்குவதால் 31.7 டிகிரி என்று காட்டும்.

கேள்வி: அப்படியானால் தெர்மிஸ்டருக்கும் (வெப்பத்தால் மாறும் மின்தடை) பொட்டென்ஷியோமீட்டருக்கும் (திருகி மாற்றும் மின்தடை) துல்லியமான தனி ரெஃபரன்ஸ், அதாவது ஒப்பீட்டு மின்னழுத்தம், வேண்டுமா?

பதில்: வேண்டாம்; வைத்தால் கெடுதலே. அவை ஏடிசியின் ஒப்பீடாக உள்ள அதே 5 வோல்ட்டிலிருந்து ஊட்டப்படும்போது, வழங்கல் ஏறினாலும் இறங்கினாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் மாறுவதால் பிழை தானே அடிபட்டுவிடுகிறது.

கேள்வி: சிப்புக்குள்ளேயே 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் இருக்கிறதே, எல்எம்35க்கு அது போதுமா?

பதில்: தாராளமாகப் போதும். 5 வோல்ட் ஒப்பீட்டில் ஒரு படி ஏறத்தாழ அரை டிகிரி, இதில் 0.1 டிகிரி. உள்ளீடு 1.1 வோல்ட்டைத் தாண்டினால் அளவீடு 1023இல் நின்றுவிடும் என்பதால், 110 டிகிரிக்குக் கீழேதான் பயன்படும். ஊனோவிலுள்ள சிப்பான ஏடிமெகா328பியின் தரவுத்தாள் இந்த மின்னழுத்தம் 1.0 முதல் 1.2 வோல்ட் வரை இருக்கலாம் என்கிறது. ஆனால் சிப்புக்குச் சிப்புதான் அது மாறுகிறதே தவிர, ஒரே சிப்பில் பெரும்பாலும் நிலையாக நிற்கிறது. ஆகவே உள் ரெஃபரன்ஸைத் தேர்ந்து, ஒருமுறை அளவீடு எடுத்தபின் ஏரெஃப் (ஒப்பீட்டு மின்னழுத்தத்துக்கான) பின்னில் மல்டிமீட்டரை வைத்து, அது காட்டும் எண்ணை நிரலில் எழுதுங்கள். ரெஃபரன்ஸை மாற்றியதும் வரும் முதல் சில அளவீடுகளைத் தள்ளிவிட வேண்டும்.

கேள்வி: எல்எம்4040 என்ற ரெஃபரன்ஸ் சிப்பின் 4.096 வோல்ட் வகையை ஏரெஃப் பின்னில் இணைக்க நினைக்கிறேன். எதில் கவனம் தேவை?

பதில்: நல்ல தேர்வு, 10 பிட்டில் ஒரு படி சரியாக 4 மில்லிவோல்ட் ஆவதால் கணக்கும் எளிது. நிரலின் வரிசைதான் ஆபத்தான இடம். முதல் அளவீட்டுக்கு முன்பே வெளி ரெஃபரன்ஸ் என்று அறிவித்துவிட வேண்டும். தவறினால் சிப் தன் 5 வோல்ட்டை உள்ளிருந்தே ஏரெஃப் பின்னுடன் இணைத்துவிடும், வெளியிலுள்ள 4.096 வோல்ட்டும் அதுவும் மோதிச் சிப் சேதமடையலாம். பழைய நிரல் ஏற்றிய போர்டில் முதலில் புதிய நிரலை ஏற்றிவிட்டு, பிறகு கம்பியை இணையுங்கள். எல்எம்4040 ஷண்ட் வகை (மிகுதி மின்னோட்டத்தைத் தன் வழியே தரைக்கு விட்டு மின்னழுத்தத்தை நிலைநிறுத்துவது) என்பதால் 5 வோல்ட்டிலிருந்து ஒரு தொடர் மின்தடை வழியாகவே ஊட்ட வேண்டும். 820 ஓம் வைத்தால் ஏறத்தாழ 1.1 மில்லியாம்பியர் பாயும், யூஎஸ்பி 4.75 வோல்ட்டுக்கு இறங்கினாலும் 0.8 மில்லியாம்பியர் மிஞ்சும். ஏரெஃப் பின்னுக்கும் தரைக்கும் இடையே 100 நானோஃபாரட் மின்தேக்கியைப் பின்னுக்கு அருகிலேயே வையுங்கள்.

கேள்வி: இரண்டு மின்தடைகளால் 5 வோல்ட்டைப் பிரித்து ஏரெஃப்புக்குக் கொடுத்தால் ஆகாதா?

பதில்: ஆகாது. வழங்கலின் ஆட்டம் அப்படியே வந்துசேரும். போதாக்குறைக்கு ஏரெஃப் பின்னுக்குள் ஏறத்தாழ 32 கிலோஓம் சுமை இருப்பதால், நீங்கள் கணக்கிட்டதை விடக் குறைவான மின்னழுத்தமே கிடைக்கும்.

கேள்வி: தனி 12 பிட் ஏடிசிக்கு மாறினால் துல்லியம் கூடுமா?

பதில்: படிகள் நுணுகும், துல்லியம் ரெஃபரன்ஸைப் பொறுத்தது. டிகிரிக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) நகரும் ரெஃபரன்ஸ், 30 டிகிரி வெப்பநிலை மாற்றத்தில் 0.3 சதவீதம் விலகும். 12 பிட்டின் முழு வீச்சில் அது 12 படிகள். 10 பிட்டில் வெறும் 3.