கணக்கு வராத பிள்ளைக்கு எலக்ட்ரீசியன் படிப்பா?

வணக்கம் அம்மா. பத்தாவது அரையாண்டில் மகன் வாங்கிய அறிவியல் மதிப்பெண்ணைச் சொல்லி, "கணக்கு இவனுக்கு ஏறவே மாட்டேங்குது சார், பேசாமல் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பியது நல்லதாயிற்று. மதிப்பெண்ணைவிட அந்தத் தாள்தான் எனக்கு நிறையச் சொன்னது.

தாளில் இருந்த கேள்வி இதுதான்: 220 வோல்ட்டில் வேலை செய்யும் ஒரு மின்சூடேற்றி 5 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கிறது, அதன் மின்தடை என்ன, மின்திறன் என்ன? தம்பி எழுதியிருப்பது: மின்தடை 1100 ஓம், மின்திறன் 44 வாட். பூஜ்யம் விழுந்துவிட்டது. ஆனால் உற்றுப் பாருங்கள், இரண்டு எண்ணுமே சரி. 220-ஐ 5-ஆல் வகுத்தால் 44, பெருக்கினால் 1100. இடம்தான் மாறிவிட்டது. மின்தடை 44 ஓம், மின்திறன் 1100 வாட் என்று வந்திருக்க வேண்டும். பிழையில்லாமல் பெருக்கி வகுக்கும் பையனைக் கணக்கு வராதவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதற்குப் பெருக்குகிறோம், எதற்கு வகுக்கிறோம் என்பது அவன் மனதில் படமாகவில்லை. 44 வாட் என்றால் பழைய டியூப் லைட் ஒன்றின் அளவு. அதை வைத்து ஒரு வாளித் தண்ணீர் சுடுமா என்று யோசித்திருந்தால் அவனே அடித்துத் திருத்தியிருப்பான்.

அந்தப் படத்தை உண்டாக்க டியூஷன் வேண்டாம், உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி போதும். அதன் ஒட்டுச்சீட்டில் 230 வோல்ட், 1000 வாட் என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். அப்படியானால் 1000-ஐ 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்: சுமார் 4.35. அப்புறம் மின்தடை. ஓர் ஆம்பியரை ஓட்டுவதற்கு எத்தனை வோல்ட் தேவைப்படுகிறது என்பதுதான் ஓம். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 53 ஓம்.

இப்போது தம்பிக்கு வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள்; சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, சூட்டுத் திருகை அதிகபட்ச சூட்டுக்குத் திருப்பி வைத்து, பிளக்கின் இரண்டு மின் முனைகளுக்கு நடுவே ஓம் அளக்கச் சொல்லுங்கள். ஐம்பதை ஒட்டி ஓர் எண் வரும். தாளில் போட்ட கணக்கு கையில் இருக்கும் கருவியில் வந்து நிற்பதைப் பார்க்கும் பையனின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு கண்டிப்பு: கரண்ட் இருக்கும் சாக்கெட்டில் மீட்டர் முனையை வைக்கும் வேலை இப்போது வேண்டாம். அது பயிற்றுநர் பக்கத்தில் நிற்கும்போது செய்வது.

அடுத்து, சாயங்காலம் வோல்டேஜ் குறைந்தால் துணி ஏன் சரியாகத் தேயவில்லை என்று கேளுங்கள். 180 வோல்ட் வருகிறது என்றால் அதே 53 ஓமில் ஓடுவது 3.4 ஆம்பியர், திறன் 612 வாட். மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் குறைந்தது, சூடோ ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. வோல்ட் இறங்கும்போது ஆம்பியரும் சேர்ந்து இறங்குவதால் வரும் அடி இது.

60 வாட் குண்டு பல்பு வீட்டில் கிடந்தால் அதையும் அளக்கட்டும். கணக்குப்படி 880 ஓமுக்கு மேல் வர வேண்டும். மீட்டர் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாமல் போகலாம். சூத்திரம் பொய்யில்லை. டங்ஸ்டன் இழை எரியும்போது 2000 டிகிரிக்கு மேல் சூடாகிறது, அப்போது மின்தடை பல மடங்கு ஏறிவிடுகிறது. மின்விசிறிக்கு வந்தால் இந்த நேர்க் கணக்கே பொருந்தாது. அங்கே திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. மின்னோட்டமும் மோட்டாரின் கம்பிச்சுருளும் சேர்ந்து வேறு கணக்கு கேட்கும். இந்த இடத்தில் தம்பி என்ன செய்கிறான் என்பதைக் கவனியுங்கள். எனக்கு அவன் மதிப்பெண்ணைவிட முக்கியம் அதுதான்.

சரி, படிப்புக்கு வருவோம். ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் பத்தாவது முடித்தவர்களுக்கான 2 ஆண்டுப் படிப்பு. நல்ல படிப்பு. ஆனால் கணக்கிலிருந்து தப்பிக்கும் வழி என்று நினைத்து அனுப்பாதீர்கள். அங்கேயும் பணிமனைக் கணக்கு உண்டு. வேலைக்குப் போன பிறகும் அது விடாது. 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் எடுக்கும், 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டினால் சாக்கெட் உருகிவிடலாம். 16 ஆம்பியர் வேண்டும் என்று வாடிக்கையாளர் வீட்டில் நின்றபடியே சொல்லத் தெரிந்தவனைத்தான் மறுபடி கூப்பிடுவார்கள்.

அளப்பதும் மாட்டுவதும் பிடித்து, கையில் வேலை ஓடுகிறது என்றால் ஐ.டி.ஐ. அவனுக்குப் பொருந்தும். முடித்ததும் தொழில் பழகுநர் பயிற்சி எடுக்கலாம். விருப்பம் இருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பல்பு ஏன் ஒத்துவரவில்லை, மின்விசிறி ஏன் ஏமாற்றுகிறது என்று உங்களைத் தொணதொணத்தால், மூன்று வருட டிப்ளமோவையோ கணிதத்துடன் பிளஸ் ஒன்னையோ யோசிக்கலாம். டிப்ளமோவிலிருந்தும் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போக வழி உண்டு. எந்தக் கதவும் இந்த வயதில் மூடிவிடுவதில்லை, அதனால் அவசரப்பட வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது தம்பியையும் அழைத்து வாருங்கள். வீட்டில் உள்ள மின்சாமான்களின் வாட், ஆம்பியர், எந்த சாக்கெட் என்று ஒரு தாளில் அவன் கையாலேயே எழுதி எடுத்து வரட்டும். மிக்சியை மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.