கேள்வி – பதில்: மூளை ஆய்வுக்கூடத்தில் பணிபுரிவோர்

கேள்வி: என் மகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் நரம்பியல் உளவியல் ஆய்வுக்கூடத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்திருக்கிறாள். "மூளையை வெட்டுகிற இடமா?" என்று அயலவர்கள் கேட்கிறார்கள். அங்கே யார் யார் இருப்பார்கள், அவள் என்ன செய்வாள்?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: அம்மா, உங்கள் மகள் எதையும் வெட்டப் போவதில்லை. மூளையின் எப்பகுதி பழுதுபட்டால் நினைவும் பேச்சும் கவனமும் எவ்வாறு மாறுகின்றன என்பதை, பெரும்பாலும் ஒரு மேசையின் இருபுறமும் இருவர் அமர்ந்து, ஒருவர் கேட்க மற்றவர் விடை சொல்லக் கண்டறிகின்ற துறை அது. 1861இல் பாரிஸ் நகரில் போல் புரோக்கா என்ற வைத்தியர், "டான்" என்ற ஓசையைத் தவிர ஏறக்குறைய வேறெதையும் பேச இயலாதிருந்த ஒருவர் இறந்தபின் அவருடைய மூளையைப் பரிசோதித்து, இடப்பக்க முன்பகுதியில் சிதைவைக் கண்டார். அன்று இறப்பின் பின்னரே காண முடிந்த சிதைவை இன்று எம்.ஆர்.ஐ. படம் உயிரோடிருக்கும்போதே காட்டிவிடுகிறது. ஆயினும் அந்த மனிதரால் எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்பதை அருகில் அமர்ந்து பார்க்கிற ஒருவர்தான் அறிய முடியும்.

ஆய்வு வினாவை வகுப்பதும், நிதி தேடுவதும், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியைப் பெறுவதும் தலைமைப் பேராசிரியரின் பொறுப்பு. அவருக்குக் கீழே கலாநிதிப் பட்டம் பெற்ற ஆய்வாளர்களும், அப்பட்டத்துக்காகப் படிக்கும் மாணவர்களும் இருப்பார்கள். பங்குபற்றுவோரைத் தொலைபேசியில் அழைத்து, நாள் குறித்து, முதியவர் வந்துபோக வாகனம் ஒழுங்குசெய்பவர் ஒருங்கிணைப்பாளர்.

மேசையில் அமர்வது பெரும்பாலும் உங்கள் மகளைப் போன்ற உதவியாளரே. எல்லோரிடமும் ஒரே சொற்களால் கேட்க வேண்டும். கேட்டுத் திருப்பிச் சொல்வதற்கான இலக்கங்களை ஒரு வினாடிக்கு ஒன்றாக வாசிக்க வேண்டும். விடை சரியா பிழையா என்பதை முகம் காட்டிக்கொடுக்கக் கூடாது. பிழையான விடையையும் சொன்னபடியே எழுத வேண்டும். 'ரே' உருவம் என்றொரு சிக்கலான கோட்டுப் படம் உண்டு. அதைப் பார்த்து வரைந்தவர், ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து நினைவிலிருந்து மீண்டும் வரைவார். அதன் 18 கூறுகளுக்கும் தலா 2 புள்ளிகளாக மொத்தம் 36 புள்ளிகள் உண்டு. கோணல் எவ்வளவு இருந்தால் அரைப் புள்ளி என்பதில் கண்கள் வேறுபடுமாதலால், நல்ல கூடங்களில் வரைந்தவர் யாரென அறியாத இருவர் தனித்தனியே புள்ளியிட்டு ஒப்பிடுவார்கள்.

நான் இப்பணியைப் பழகிய காலத்தில், சொற்பட்டியலை நினைவுகூரத் தடுமாறிய முதியவர் ஒருவருக்கு இரக்கப்பட்டு முதலெழுத்தைச் சொல்லிவிட்டேன். அந்தப் பட்டியலின் பெறுபேறு பயனற்றுப் போயிற்று. அவர் அதற்காகப் பட்ட சிரமத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இரக்கத்தைத் தேநீரிலும் ஓய்விலும் காட்டலாம், விடையில் காட்டக் கூடாது என்பதை உங்கள் மகள் விரைவில் கற்றுக்கொள்வாள்.

கேள்வி: திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் பயில்கிறேன். உளவியல் படிக்காத எனக்கு அத்தகைய கூடத்தில் இடமுண்டா?
– ஒரு மாணவர், நிலாவெளி

பதில்: உண்டு. திரையில் தோன்றும் குறிக்கு ஒருவர் எத்தனை மில்லிவினாடியில் விசையை அழுத்துகிறார் என்பதைப் பதியும் நிரலை எழுதவும், மூளைப் படங்களைப் பகுப்பாய்வு செய்யவும் உங்களைப் போன்றோர் தேவைப்படுகிறார்கள். ஆனால், தரவைத் தொடுமுன் சில நாட்கள் பரிசோதனை நடக்கும் அறையில் அமர்ந்து பாருங்கள். அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால், பங்குபற்றியவர் களைத்து நிறுத்தினாரா, உதவியாளர் எழுத மறந்தாரா என்ற வேறுபாடு முக்கியமானது.

கேள்வி: பள்ளிக்கூடமே போகாத என் உம்மாவுக்கு ஞாபகப் பரிசோதனை ஒன்றில் கடிகாரம் வரையச் சொன்னார்கள். பென்சில் பிடித்தறியாத அவர் அழுதுவிட்டார். ஆங்கிலப் பரிசோதனைகளைத் தமிழாக்கினால் மட்டும் போதுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கிண்ணியா

பதில்: போதாது, ஐயா. உங்கள் உம்மாவிடம் பென்சிலைக் கொடுக்குமுன் எத்தனை வருடம் படித்தார் என்று கேட்டிருக்க வேண்டும். 2005இல் வெளியான 'மோகா' என்ற 30 புள்ளிப் பரிசோதனையிலும் கடிகாரம் வரைதல் உண்டு. 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு அதில் ஒரு புள்ளி கூட்டுவார்கள். எழுத்தே அறியாதவருக்கு அந்த ஒரு புள்ளி எவ்வகையிலும் ஈடாகாது.

'பொஸ்டன்' பெயரிடல் பரிசோதனையின் 60 படங்களில் பீவர் என்ற விலங்கும் எஸ்கிமோவரின் பனிக்கட்டி வீடும் இருக்கின்றன. சூரையையும் பாரையையும் விளைமீனையும் பார்த்தவுடன் பெயர்சொல்லக்கூடிய நம் ஊர்ப் பெண்மணி ஒருவர் இவற்றுக்குப் பெயர் சொல்லாவிட்டால், அதை மறதி என்று எழுதுவது அநீதி. 'க' எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்லச் சொன்னால், 'கா', 'கி', 'கு' எனத் தொடங்குபவற்றை ஏற்பதா என்ற கேள்வி தமிழில் எழும். அதற்கான விதியை முன்கூட்டியே வகுத்து எல்லோருக்கும் ஒன்றாகவே பின்பற்ற வேண்டும். இலக்கங்களிலும் இச்சிக்கல் உண்டு. உச்சரிக்க நீண்ட நேரம் எடுக்கும் சொற்கள் குறைவாகவே நினைவில் தங்கும் என்பதை உளவியலாளர் அலன் பட்லியும் அவருடன் பணியாற்றியோரும் 1975இல் காட்டினார்கள். ஆங்கில இலக்கப் பெயர்களில் பெரும்பாலானவை ஓரசைச் சொற்கள். 'இரண்டு', 'ஒன்பது' என்ற நம் சொற்கள் நீளமானவை. ஆகவே ஆங்கிலம் பேசுவோரின் சராசரியை நம்மவர்மீது அப்படியே வைத்து அளக்க முடியாது. 'நான்கு', 'ஐந்து' என்று ஏட்டுத் தமிழில் வாசிப்பதா, 'நாலு', 'அஞ்சு' என்று வாசிப்பதா என்பதையும் தீர்மானிக்க வேண்டும்.

இதனாலேயே, உம்மாவின் பேச்சைப் பேசி வளர்ந்த பிள்ளைகள் இத்துறைக்கு வர வேண்டுமென்று நான் மனதார விரும்புகிறேன். கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் நோயற்ற முதியவர்களை வயதுவாரியாகவும் படிப்புவாரியாகவும் பரிசோதித்தால்தான் நமக்குப் பொருந்தும் அளவுகோல் கிடைக்கும்.

இப்போதைக்கு வைத்தியரிடம் உம்மாவின் படிப்பைப் பற்றிச் சொல்லுங்கள். சமையலில், காசு எண்ணுவதில், தொழுகையின் ஒழுங்கில், தெரிந்த ஒழுங்கைகளில் நடந்துபோய்த் திரும்புவதில் அண்மையில் மாற்றம் ஏதும் உண்டா என்பதையும் எழுதிக் கொடுங்கள். அந்தக் கடிகாரத்தை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது.

கேள்வி: இத்தகைய ஆய்வில் பங்குபற்றினால் என் பெயர் வெளியே வருமா?
– வாசகி, மூதூர்

பதில்: வராது. பெயருக்குப் பதிலாக ஒரு குறியீட்டு இலக்கமே தாள்களில் இருக்கும். இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. வலிப்பைக் குறைப்பதற்காக 1953இல் அமெரிக்கர் ஒருவருக்கு மூளையின் இருபுறமும் அறுவைச் சிகிச்சை செய்து, கடற்குதிரையின் பெயரைக் கொண்ட ஹிப்போகாம்பஸ் பகுதியின் கணிசமான பங்கை அகற்றினார்கள். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆயினும், நரம்பியல் உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் செய்தபோது, முன்பு வரைந்தது நினைவில்லாமலே அவருடைய கை நாளுக்கு நாள் தேறியது. நினைவு ஒரே வகையானதன்று என்பதை உலகுக்கு உணர்த்தியவர்களுள் அந்த நோயாளியே முதன்மையானவர். 2008இல் அவர் இறக்கும்வரை ஆய்வேடுகள் அவரை எச்.எம். என்ற இரண்டு எழுத்துகளாலேயே குறித்தன. ஹென்றி மொலைசன் என்ற பெயர் அதன் பின்னரே வெளியிடப்பட்டது.

சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கையொப்பமிட்ட பின்னரும், பரிசோதனையின் நடுவிலும், நீங்கள் எழுந்து வீட்டுக்குப் போகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.