ஜப்பானியப் பிள்ளைகள் நம் வீட்டில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜப்பானியப் பள்ளிகளுக்கு ஜூலைக் கடைசியில் கோடை விடுமுறை தொடங்கும். பண்பாட்டுப் பரிமாற்றத்துக்காகக் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வரும் மாணவர்களைத் தங்கவைக்கும் குடும்பங்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

போன முறை வந்த பையன் போட்டதையெல்லாம் சாப்பிட்டான். பிடித்திருக்கிறதே என்று மேலும் மேலும் போட்டேன். மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே, ஏன்?
(வாசகி, செந்தூல்)

சொல்லியிருப்பான் அம்மா, நமக்குப் புரிந்திருக்காது. ஒரு பருக்கையும் மிச்சம் வைக்கக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்படும் பிள்ளைகள் அவர்கள். நம் வீட்டிலோ இலை காலியானால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். அவன் மரியாதைக்காக இலையைக் காலி செய்வான், நீங்கள் மரியாதைக்காக நிரப்புவீர்கள். கடைசியில் கஷ்டப்படுவது அவன் வயிறு.

"இன்னும் கொஞ்சம்?" என்று கேட்கும்போது "தைஜோபு" என்றால் "போதும், பரவாயில்லை" என்று பொருள். தலையைச் சாய்த்து "சொத்தோ..." என்று இழுத்தாலும் அது மறுப்புதான். விருந்தாளியாகப் போன இடத்தில் கூச்சப்பட்டு முதலில் மறுப்பதும் அவர்கள் வழக்கம் என்பதால் இன்னொரு முறை கேட்கலாம். மூன்றாவது முறை கேட்காதீர்கள், கேட்காமல் போடவும் போடாதீர்கள். வற்புறுத்திப் பரிமாறுவது நமக்கு அன்பு, அந்தப் பிள்ளைக்கு அது தட்ட முடியாத கட்டளை.

வந்த அன்றே இரண்டு விஷயம் சொல்லிக்கொடுங்கள். ஒன்று, "போதும்" என்ற சொல். மற்றது, இலையைத் தன் பக்கமாக மடிப்பது. நீங்களே மடித்துக் காட்டி, "இப்படி மடித்தால் யாரும் போடமாட்டார்கள்" என்று சொல்லுங்கள். வாயால் மறுக்கத் தயங்கும் பிள்ளைக்கு இந்த மடிப்பு பெரிய விடுதலை. முதல் நாள் ஒரு கரண்டிச் சோறு, அதிகம் புளிக்காத தயிர், காரம் குறைந்த பருப்பு போதும். மறுநாள் பசியாற இட்லி என்றால் இரண்டு வையுங்கள், பொடியும் சட்னியும் ஓரமாக இருக்கட்டும். ஜப்பானியரும் வீட்டில் கறி சமைப்பார்கள், ஆனால் அது இனிப்பும் மிதமான காரமும் கலந்தது. நம் கறியை அப்படி நினைத்து வாய் நிறைய எடுத்துவிடுவார்கள். கடையில் நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோறு வாங்கினால் "சம்பல் அசிங்" என்று சொல்லி, காரமான சம்பலைத் தனியாக வாங்குங்கள்.

இதைவிட முக்கியம் ஒவ்வாமை. ஜப்பானில் உணவுப் பொட்டலத்தில் கட்டாயம் குறிக்க வேண்டியவற்றில் இவை அடங்கும்: முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, நிலக்கடலை, சோபா எனும் தானியம் (பக்வீட்), வால்நட். பள்ளி அனுப்பும் படிவத்தில் இவற்றில் எதற்காவது குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இறால் ஆகாத பிள்ளைக்கு, சம்பலில் சேரும் பெலாச்சான் என்பதே இறால்தான் என்று தெரியாது. பினாங்கு லக்சாவில் ஊற்றும் ஹேகோவும் இறால் விழுதுதான். கடலை ஆகாதவருக்கு நாசி லெமாக்கின் ஓரத்தில் கிடக்கும் கடலையே ஆபத்து. கடலையை எடுத்துவிட்டுக் கொடுப்பதும் போதாது, அது பட்ட சோறும் ஆகாது.

கொண்டுவந்த முடி உலர்த்தியைப் பிளக்கில் போட்டதும் புகை வந்து வீட்டுக் கரண்டே போய்விட்டது. அடாப்டர் போட்டுத்தானே செருகினோம்?
(வாசகர், பட்டர்வொர்த்)

அடாப்டர் பிளக்கின் கால்களை மாற்றுமே தவிர மின்னழுத்தத்தை மாற்றாது. ஜப்பானில் 100 வோல்ட், இங்கே சுமார் 240 வோல்ட். மின்னழுத்தம் 2.4 மடங்கானால் சூடேற்றும் கம்பியில் ஏறும் சக்தி அதன் வர்க்கம், அதாவது ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவு. சில நொடிகளில் கம்பி கருகிவிடும். சாதனத்தின் அடியில் சிறிய எழுத்தில் பாருங்கள்: "100-240" என்றிருந்தால் தாராளமாகச் செருகலாம், கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான். "100" மட்டும் இருந்தால் பெட்டியைவிட்டே எடுக்கவேண்டாம், உங்கள் வீட்டு உலர்த்தியைக் கொடுங்கள். முடியை நேராக்கும் கருவியையும் மறக்காமல் பாருங்கள்.

இன்னொன்று. மேல் ஓட்டையில் பேனாவை நுழைத்து இரண்டு கால் பிளக்கைத் திணிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பிள்ளைகள் முன்னால் அதைச் செய்யாதீர்கள். அப்படியே பார்த்துப் பழகிவிடுவார்கள்.

குளியலறை, தண்ணீர் விஷயத்தில் என்ன சொல்லி வைக்க வேண்டும்?
(வாசகி, கெப்போங்)

அவர்கள் ஊரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிப்பார்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி அறையிலேயே வைத்துவிட்டால் கேள்வியே எழாது. அவர்கள் குளிப்பது பெரும்பாலும் இரவில். சுடுநீர் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருந்தால் காட்டிவிடுங்கள். கழிவறைத் தாளைத் தொட்டியிலேயே போட்டு இழுத்துவிடுவது அவர்கள் வழக்கம். உங்கள் பழைய குழாய் அடைத்துக்கொள்ளும் என்றால் மூடியுள்ள கூடை ஒன்றை வைத்து, படம் வரைந்து ஒட்டுங்கள்.

மருதாணி வைத்து, சேலை கட்டிப் பத்துமலைக்கு அழைத்துப்போக ஆசை. சரியா?
(வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

மருதாணிக்கு முன் கூடவரும் ஆசிரியரைக் கேளுங்கள். கறை ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் நிற்கும். ஜப்பானியப் பள்ளிகள் பலவற்றில் இத்தகைய அலங்காரத்துக்குத் தடை உண்டு. அங்கே பச்சை குத்துவதைக் குண்டர் கும்பலோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பச்சை தெரிந்தால் பல பொதுக் குளியலறைகளில் விடமாட்டார்கள். ஆசைப்பட்டுக் கை நீட்டும் பெண் ஊருக்குத் திரும்பித் திட்டு வாங்கக்கூடாது. கறுப்பு மருதாணி எந்த நிலையிலும் வேண்டாம், அதில் கலக்கும் சாயம் தோலைக் கொப்புளமாக்கும். வளையலும் பொட்டும் போதும், அன்று மாலையே கழற்றிவிடலாம்.

சேலையை வீட்டில் கட்டிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை மீட்டர் மெல்லிய பருத்தி, இறுகக் கட்டிய உள்பாவாடை, ஐந்தாறு ஊக்கு. அளவு ரவிக்கை கிடைக்காது, இழுபடும் துணியில் அரைக்கை ரவிக்கை வாங்குங்கள். முதன்முறை சேலை கட்டிய பிள்ளையை 272 படி ஏற்றுவது சரியல்ல, கொசுவம் காலில் மாட்டும். மலைக்குச் சுடிதார் போட்டு அழைத்துப்போங்கள்.

நாங்கள் சைவம். தங்கப்போகும் பையன் ஜப்பானிய உணவு சமைத்துத் தருவதாகச் சொல்கிறான். எதைக் கவனிக்க வேண்டும்?
(வாசகர், ஆயர் ஈத்தாம்)

சோயா விழுதான மீசோவில் செய்யும் சூப்பைப் பார்த்தால் சைவம்போல இருக்கும். அதன் அடிநீரான தாஷி பெரும்பாலும் உலர்ந்த மீனில் இறக்கியது. கறிக் குழம்புக்கான மசாலாக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கலாம், மிரின் எனும் இனிப்புச் சமையல் திரவத்தில் மது உண்டு, மிட்டாயில் ஜெலட்டின் இருக்கலாம். அவன் கொண்டுவரும் பொட்டலத்தை அவனையே படிக்கச் சொல்லுங்கள். "மாமிசம் இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்பான், மீனும் கொழுப்பும் அவன் கணக்கில் மாமிசம் இல்லை. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மாற்று வழி எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் "கொம்பு" எனும் கடற்பாசியும் நான்கு உலர்ந்த ஷீத்தாக்கே காளானும் போட்டு இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் ஊறட்டும். காலையில் மெல்லச் சூடாக்கி, கொதி வருமுன் கடற்பாசியை எடுத்துவிட வேண்டும், விட்டால் கொழகொழப்பும் கசப்பும் இறங்கும். மீசோவை அடுப்பை அணைத்த பிறகுதான் கரைக்க வேண்டும். ரசத்தை நுரை கட்டியதும் இறக்குகிறோமே, அதே காரணம், கொதித்தால் மணம் போய்விடும். சில மீசோவில் மீன் தாஷி முன்பே கலந்திருக்கும், வாங்கும்போது பாருங்கள். சோற்று உருண்டை பிடிக்கப் பொன்னி அரிசி ஒட்டாது, குட்டை அரிசி வாங்குங்கள்.

தாத்தாவின் அண்ணன் போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. தாத்தாவுக்கு 91 வயது. ஜப்பானியப் பிள்ளை வரும்போது இதைப் பேசலாமா, மறைக்க வேண்டுமா?
(வாசகி, பினாங்கு)

முதலில் தாத்தாவின் மனத்தைக் கேளுங்கள். அவருக்கு விருப்பமில்லை என்றால் இந்த முறை உங்கள் வீட்டில் தங்கவைக்கவேண்டாம், அவர் தன் வீட்டிலேயே ஒதுங்கியிருக்கக்கூடாது.

அவர் சம்மதித்தால் மறைக்க வேண்டியதில்லை. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரமாயிரமாகக் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தார்கள். ஜப்பானில் இதைத் "தைமென் தெத்சுதோ" என்பார்கள். பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கலாம், அங்கே தமிழர்கள் மாண்டது தெரியாமலிருக்கலாம்.

முதல் இரவு சாப்பாட்டு வேளையில் தொடங்காதீர்கள். கூடவரும் ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிட்டு, பிள்ளை வீட்டோடு பழகிய பிறகு, மொழிபெயர்க்க ஒருவரை வைத்துக்கொண்டு உட்காருங்கள். "இது நீ செய்ததல்ல, எங்கள் வீட்டுக் கதை" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பதினாறு வயதுப் பிள்ளை எழுந்து குனிந்து மன்னிப்புக் கேட்கும், அதைத் தடுக்க யாருக்கும் தெரியாது. கணக்கும் அரசியலும் வேண்டாம். அண்ணனின் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த ஆண்டு போனார், படம் இருந்தால் படம். மொழிபெயர்ப்பவர் இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தட்டும். பிள்ளை கேள்வி கேட்டால் தாத்தாவே பதில் சொல்லட்டும். அவர் சோர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், மீதியை மறுநாள் பேசலாம்.