பழைய கிளாசிக் 350-க்கு இன்ஜெக்‌ஷன் போடலாமா?

திண்டுக்கல்லில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னுடையது 2013 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, கார்புரேட்டர் வண்டி. காலையில் சோக் இழுத்தும் இரண்டு மூன்று தடவை ஆஃப் ஆகிறது. கொடைக்கானல் ஏறும்போது இழுவை இல்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு கீழேயும் திணறுகிறது. புதிய மாசு விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டியில் இருப்பதுபோல் இன்ஜெக்‌ஷன் போட்டால் எல்லாம் தீருமா?"

போடலாம். கார்புரேட்டர், எஞ்சின் இழுக்கும் காற்றோடு பெட்ரோலைக் கலந்து விடும். இன்ஜெக்‌ஷனில் ஈசியூ என்ற சின்ன கம்ப்யூட்டர் அளவைக் கணக்கிட, இன்ஜெக்டர் அந்த அளவு பெட்ரோலைப் பீச்சும். ஆனால் நீங்கள் சொல்லும் குறைகளில் எவ்வளவு அதனால் தீரும் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டருக்கு இது தெரியாது, காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. அதனால் கலவை ரிச் ஆகி, அதாவது பெட்ரோல் அதிகமாகி, வண்டி அடைக்கும். இன்ஜெக்‌ஷன் இதைச் சரிசெய்யும். ஆனால் இல்லாத காற்றை அது எங்கிருந்து கொண்டுவரும்? காற்று குறைந்ததால் போகும் சக்தி எந்த வண்டியிலும் போகத்தான் செய்யும்.

இ20 இதற்கு நேர் எதிர். எத்தனாலை எரிக்கக் காற்று குறைவாகப் போதும். வெறும் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்றால், இ20-க்கு சுமார் 13.5 பங்குதான். பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை மாற்றாமல் ஓட்டினால் கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் போதாது. இப்போது கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். மலையில் ரிச், எரிபொருளால் லீன். இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று கழித்துவிட வேண்டும். உங்கள் வண்டியோ கீழேயும் இழுக்கவில்லை, மேலேயும் இழுக்கவில்லை. அப்படியென்றால் வேறு ஏதோ கெட்டிருக்கிறது.

என் சந்தேகம் முதலில் டயஃப்ரம் மேல். உங்கள் வண்டியில் இருப்பது மிகுனி பிஎஸ்29 கார்புரேட்டர். அதில் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடை மேலே தூக்குவது கேபிள் இல்லை, எஞ்சின் இழுக்கும் வேக்கம். அதைத் தாங்கிப் பிடிப்பது ஒரு மெல்லிய ரப்பர், அதுதான் டயஃப்ரம். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது விறைத்துப்போயிருக்கும், ஊசித்துளைகூட விழுந்திருக்கலாம். கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தெரிந்துவிடும். அடுத்தது, கார்புரேட்டரையும் ஹெட்டையும் இணைக்கும் ரப்பர். வண்டி ஐடிலில் ஓடும்போது அதன் மேல் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ஓட்டம் மாறினால் வெடிப்பு இருக்கிறது. இந்த இரண்டையும் மாற்றி, ஸ்லோ ஜெட்டை இ20-க்காக ஒரு அளவு கூட்டி, ஸ்பார்க் பிளக் இரண்டையும் புதிதாகப் போட்டாலே பாதிக்கு மேல் தீரும் என்பது என் எண்ணம்.

அதெல்லாம் செய்தாகிவிட்டது, அப்படியும் இன்ஜெக்‌ஷன்தான் வேண்டும் என்கிறீர்களா? சரி, மேலே படியுங்கள்.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. 2020 ஜனவரியில் வந்த பிஎஸ்6 கிளாசிக் 350, உங்கள் வண்டியில் இருக்கும் அதே யூசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள) 346 சிசி எஞ்சின் குடும்பத்தில் இன்ஜெக்‌ஷன் சேர்த்து வந்தது. 2021 செப்டம்பரில் 349 சிசி ஜே வகை எஞ்சின் வரும்வரை அது ஓடியது. ஆகவே காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடி, பம்ப் உள்ள டேங்க், ஈசியூ, சென்சார், வயரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து கிடைக்க வழி உண்டு. எடுத்தால் மொத்தமாக ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். ஈசியூ ஒரு வண்டியுடையது, மேக்னட் (எஞ்சினோடு சுற்றி கரண்ட் தரும் சக்கரம்) இன்னொன்றுடையது என்று கலந்தால் தலைவலி. ஈசியூ எஞ்சினின் நிலையை மேக்னட்டில் உள்ள பற்களை எண்ணித்தான் தெரிந்துகொள்கிறது. பழைய மேக்னட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பற்களை எண்ணிப் பார்த்த பிறகே எதையும் பூட்டுங்கள். வண்டி சாய்ந்தால் பம்பை நிறுத்தும் சென்சாரை மறந்துவிடாதீர்கள். அதை எந்த வாக்கில் பூட்டியிருந்தார்களோ அதே வாக்கில் பூட்ட வேண்டும், இல்லையென்றால் வண்டி விழுந்துகிடப்பதாக ஈசியூ நினைத்துக்கொண்டு பெட்ரோலே விடாது.

ஸ்பீடுயினோ, மைக்ரோஸ்குயர்ட் மாதிரி நாமே புரோகிராம் செய்யும் ஈசியூ இன்னொரு வழி. பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும். இதில் இன்ஜெக்டர் அளவுதான் பலரும் கோட்டைவிடும் இடம். இந்த எஞ்சின் தருவது 20 குதிரைத் திறனுக்குக் கொஞ்சம் குறைவு. இ20-யையும் கணக்கில் எடுத்தால் நிமிடத்துக்கு 130 முதல் 150 சிசி விடும் இன்ஜெக்டர் போதும். கைவசம் இருக்கிறதே என்று கார் இன்ஜெக்டரைப் போட்டால், ஐடிலில் அது திறந்து மூடும் நேரம் மிகச் சிறியதாகிவிடும். ஐடிலில் வண்டி ஒழுங்காக ஓடவே ஓடாது.

ஒற்றை சிலிண்டரில் இன்னொரு சிக்கல் உண்டு. இன்டேக்கில் அழுத்தம் சீராக இருக்காது, ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் ஏறி இறங்கும். அதனால் பலர் அழுத்த சென்சாரை விட்டுவிட்டு, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து டியூன் செய்கிறார்கள். தப்பில்லை. ஆனால் வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்க ஒரு சென்சார் தனியாக இருந்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் ஈசியூவுக்கும் கொடைக்கானலும் திண்டுக்கல்லும் ஒன்றுதான். இவ்வளவு செலவு செய்து திரும்பவும் கார்புரேட்டர் நிலைமைக்கே வந்து நிற்பீர்கள்.

இனி கரண்ட். பம்ப், இன்ஜெக்டர், காயில், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரின் ஹீட்டர் எல்லாம் சேர்ந்து ஆறேழு ஆம்பியர் வரை கேட்கலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு 3,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனைகளில் மீட்டர் வையுங்கள். 13.8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் முதலில் சார்ஜிங்கைச் சரிசெய்யுங்கள். வோல்ட் குறைந்தால் இன்ஜெக்டர் தாமதமாகத் திறக்கும், கலவை தானாகவே லீன் ஆகும். பேட்டரி முழுதாகச் செத்துவிட்டால் கிக்கரை எத்தனை உதை உதைத்தாலும் பம்ப் ஓடாது, அதையும் மனதில் வையுங்கள்.

பம்ப் தரும் அழுத்தம் சுமார் 3 பார். சாதாரண பெட்ரோல் டியூப் அதைத் தாங்காது. இன்ஜெக்‌ஷனுக்கென்றே வரும் ஹோஸும் அதற்கான கிளாம்பும்தான் போட வேண்டும். சூடான எஞ்சினுக்கு மேலே டியூப் பிய்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய டேங்கையே வைத்துக்கொள்வதாக இருந்தால் உள்ளே துரு துளியும் இருக்கக் கூடாது. கார்புரேட்டர் ஜெட்டில் தூசி அடைத்தால் ஊதிச் சுத்தம் செய்யலாம், இன்ஜெக்டரில் அந்தப் பேச்சே இல்லை.

ஆக்சிஜன் சென்சாருக்கு, எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பில் துளை போட்டு நட் வெல்டிங் செய்ய வேண்டும். சென்சாரின் தலை கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், தண்ணீர் தேங்கினால் பீங்கான் வெடித்துவிடும். சென்சாருக்கு முன்னால் உள்ள சைலன்சர் கேஸ்கெட்டில் லீக் இருந்தால் காற்று உள்ளே புகுந்து, சென்சார் பொய்க் கணக்குச் சொல்லும். கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரில் 14.7 என்று வந்தால் இ20-யிலும் அதுவே சரியான கலவைதான். மீட்டர் உண்மையில் அளப்பது லாம்டாவை (1 என்றால் சரியான கலவை, கீழே போனால் ரிச், மேலே போனால் லீன்), அதை வெறும் பெட்ரோல் கணக்கில் மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். முழு த்ராட்டிலில் லாம்டா 0.88 வாக்கில் வையுங்கள். ஏர்கூல்டு எஞ்சின், மைலேஜுக்கு ஆசைப்பட்டு அங்கே லீன் வைக்க வேண்டாம்.

நான் முதன்முதலில் இந்த வேலை செய்தபோது வண்டி 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் மிஸ் அடித்தது. மூன்று நாள் டியூனிங்கை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் பிளக் வயரை ஒட்டி மேக்னட் சென்சார் வயர் போயிருந்தது. ஸ்பார்க்கின் இரைச்சலையும் ஒரு பல்லாக எண்ணிக்கொண்டிருந்தது ஈசியூ. ரெசிஸ்டர் பிளக் போட்டு, சென்சாருக்கு ஷீல்டு வயர் இழுத்ததும் நின்றது.

சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சான்றில் கார்புரேட்டர் என்று எழுதியிருக்காது. ஆனாலும் வேலையைத் தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். பழைய வயரிங்கில் ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம். கார்புரேட்டர், மேக்னட், டேங்க், வயரிங் எல்லாவற்றையும் அப்படியே கழற்றி ஒரு பெட்டியில் வைத்தால், வேண்டாம் என்று தோன்றும் நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வண்டியைப் பழையபடி ஆக்கிவிடலாம்.