செப்புத் தகட்டில் நிழல்: போட்டோகிராவூர் கேள்வி பதில்

தெம்பனிஸ் வாசகர்: அக்கா, சாதாரண பிரிண்டுக்கும் போட்டோகிராவூருக்கும் என்ன வேறுபாடு?

சாதாரண அச்சான ஆஃப்செட்டில் புள்ளி பெரிதானால் நிழல் கருக்கும். போட்டோகிராவூர் என்பது புகைப்படத்தைச் செப்புத் தகட்டில் பள்ளங்களாக அரித்து, அவற்றில் மை நிரப்பி அச்சிடும் முறை. இங்கே பள்ளம் ஆழமானால் கருக்கும். செப்புத் தகட்டில் பிசின் பொடியைத் தூவிச் சூட்டில் ஒட்டவைத்து, மேலே ஒளி பட்டு இறுகிய ஜெலட்டின் படலத்தை ஏற்றுவார்கள். படத்தின் கருமையான இடங்களில் படலம் மெல்லியதாக இருக்கும். ஃபெரிக் குளோரைடு கரைசல் முதலில் அங்கேதான் புகுந்து செம்பை அரிக்கும். பிறகு நீர் கூடிய கரைசலுக்கு மாற்றினால்தான் தடித்த இடங்களிலும் இறங்கும். எப்போது மாற்றுவது? கடிகாரம் ஓரளவுதான் உதவும், மற்றதைத் தகட்டைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். எனக்கு இதில் பிடித்ததே அந்த இடம்தான்.

ஈசூன் வாசகர்: கண்டுபிடித்தவர் கலைஞரா, தொழிலதிபரா?

இரண்டும்தான்! 1852இல் ஆங்கிலேயப் புகைப்பட முன்னோடி டால்பட் காப்புரிமை பெற்ற முறையை 1879இல் வியன்னாவில் செம்மைப்படுத்தியவர் காரெல் கிளிச். கேலிச்சித்திரக்காரர். அப்புறம் இங்கிலாந்துக்குப் போய், துணி அச்சிடும் உருளைகளில் இதைப் புகுத்தினார். அங்கே 1895இல் தொடங்கிய ரெம்பிராண்ட் நிறுவனம் ஓவியப் பிரதிகளை விற்றது, செய்முறையை மட்டும் ரகசியமாக வைத்துக்கொண்டது. அதன்பின் வந்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸோ தம் 'கேமரா வொர்க்' இதழில் (1903–1917) கையால் அச்சிட்ட கிராவூர் படங்களையே பெரிதும் நம்பினார்.

தேக்கா வாசகர்: சிப்ஸ் பாக்கெட்டும் இப்படித்தான் அச்சாகிறதாமே?

பல பாக்கெட்டுகள் அப்படித்தான், தம்பி. செம்பு பூசிய உருளையில் வைர ஊசியோ லேசரோ நுண்குழிகளைச் செதுக்கும், மேலே குரோம் பூசுவார்கள். மேற்பரப்பு மையை ஒரு கத்தி வழித்துவிடும், குழியில் உள்ளது மட்டும் பிளாஸ்டிக்கில் ஏறும். உருளை செய்யவே செலவு அதிகம், அதனால் சிறிய ஆர்டருக்குக் கட்டாது. எழுத்தின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், ரம்பப் பல் தெரிந்தால் பெரும்பாலும் கிராவூர்தான்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: வீட்டிலேயே முயலலாமா? இல்லையென்றால் எங்கே கற்கலாம்?

எச்டிபி அடுக்குமாடி வீட்டில் வேண்டாம்மா. பிசின் தூசு நுரையீரலுக்குக் கேடு, ஜெலட்டினுக்குப் பூசும் டைகுரோமேட் புற்றுநோய் தரக்கூடியது. நம்ம சிங்கப்பூர் ஈரப்பதமோ ஜெலட்டினின் போக்கையே மாற்றிவிடும். ஃபோட்டோபாலிமர் தகடு (ஒளி பட்டால் இறுகும் பிளாஸ்டிக் பூச்சுள்ள தகடு) என்றால் புறஊதா ஒளியும் தண்ணீரும் போதும். அது கிராவூரே இல்லை என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். அதற்கும் நல்ல அழுத்த எந்திரம் வேண்டும். முதலில் ராபர்ட்சன் கீயில் 2002 முதல் இயங்கும் எஸ்டிபிஐ (STPI) அச்சுக்கலைக் கூடத்துக்குப் போய் அச்சுப்படங்களைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பயிற்சி வகுப்பு உண்டா என்று அங்கேயே கேட்டுவிடலாம்.