யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 17. மனம் தாங்க முடியாமல் போகும்போது என்னை நானே காயப்படுத்திக்கொள்கிறேன். சாகும் எண்ணம் இல்லை. ஒரு வருடமாக முழுக்கைச் சட்டையால் மறைத்து வருகிறேன். மருத்துவரிடம் போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. யாரிடம் உதவி கேட்பது?

பதில்: நேரில் பேச நா எழாவிட்டால், எனக்கு எழுதிய இதே வரிகளை நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் பெற்றோராகவோ, ஆசிரியராகவோ, பள்ளி ஆலோசகராகவோ, குடும்ப மருத்துவராகவோ இருக்கலாம். எல்லாக் காரணங்களையும் அன்றே விளக்கியாக வேண்டியதில்லை. நண்பரிடம் சொல்வதும் நல்லதே. ஆனால் யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிடாதீர்கள், அந்த வயதில் ஒருவர் தனியாகச் சுமக்கக்கூடிய பாரம் அல்ல அது. கேட்டவர் பதறித் திட்டினால், பெரும்பாலும் அது பயத்தில் வரும் கோபம். அதோடு நின்றுவிடாமல் இன்னொருவரிடம் சொல்லுங்கள்.

காயப்படுத்திக்கொள்ளும்போது வேதனை சற்று நேரம் அடங்குவதாலும், பிறகு வரும் குற்ற உணர்ச்சி அதே வேதனையை மீண்டும் கிளப்புவதாலும், மன உறுதியால் மட்டும் இதை நிறுத்துவது கடினம். நிறுத்த முடியாதது உங்கள் பலவீனம் அல்ல.

மருத்துவரிடம் போனதும், "நான் சொல்வதில் எதை வீட்டுக்குச் சொல்வீர்கள்?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான விதிகள் இடத்துக்கு இடம் மாறும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்போதும் எதை, எப்படிச் சொல்வது என்பதை உங்களுடன் பேசி முடிவு செய்யும்படி கேட்கலாம்.

இந்தப் பழக்கத்தை நிறுத்துவதற்கென்று தனி மாத்திரை கிடையாது. மனச்சோர்வு போன்றவை உடன் இருந்தால் அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முக்கியமானது பேச்சுவழிச் சிகிச்சை. அவற்றுள் ஒன்றான டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, கொந்தளிப்பைத் தாங்கிக் கடக்கும் பயிற்சிகளைக் கற்றுத்தருகிறது. அதை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், உங்கள் வயதில் இதே துன்பத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். 2011இல் அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

சிகிச்சை தொடங்கும்வரை, உந்துதல் எழும்போது அறையில் தனியாக இருக்காதீர்கள். அது உச்சத்துக்குப் போய்த் தணியக்கூடியது. அந்த நேரத்தை ஒருவர் அருகில் இருந்து கடப்பது எளிது. காயப்படுத்தக்கூடிய பொருள்களை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். காயம் ஆழமாக இருந்தாலோ, இன்று இல்லாத சாகும் எண்ணம் என்றாவது தலைகாட்டினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை உடனே அழையுங்கள்.